கேரியரோடு படம் பார்க்கப் போனவள்

பிப்ரவரி 1, சனி

இன்று பழைய படம். மாடிக்காரியின் தேர்வு. நீதிபதியின் மகன் கொலை வழக்கில் சிக்கித் தந்தையின் முன்னாலேயே கூண்டில் நிற்கிறான். தந்தை தண்டனையை வாசித்துவிட்டு, கறுப்பு அங்கியைக் கழற்றி மேசைமேல் மடித்து வைத்து, மயங்கி விழுகிறார். மகனுடைய வழக்கைத் தந்தை விசாரிக்க எந்த ஊரில் விடுவார்கள்? பிழை ஒன்று. மடித்து வைத்த அங்கி அடுத்த காட்சியில் நாற்காலியில் தொங்குகிறது. இரண்டு. கதாநாயகியின் நெற்றித் தழும்பு இடைவேளைக்குப் பிறகு வலப்பக்கம் போய்விட்டது. மூன்று. ஆனால் தாயாக நடித்த அம்மாள் ஒரு சொல்கூட அதிகம் பேசவில்லை. புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதிலேயே எல்லாம் இருந்தது.

மாடிக்காரி வழக்கம்போல் அழுதாள். ஒன்பது வருடமாகச் சனிக்கிழமை மூன்று மணிக்கு இருபத்திரண்டு படி இறங்கி வந்து என் சோபாவில் உட்கார்ந்து அழுகிறாள். ஒரு வாரம் பழைய படம், ஒரு வாரம் புதுசு. படம் ஓடும்போது பேச்சுக் கூடாது. முடிந்த பிறகு டீ. விருந்தாளிதான் முதலில் கருத்துச் சொல்லவேண்டும். இந்தக் கடைசி விதி மட்டும் அவள் கேட்டு வைத்தது. "நீங்க முதல்ல சொல்லிட்டா, அப்புறம் எனக்குப் பிடிச்சுதுன்னு சொல்ல வாயே வராதுக்கா."

ஹோட்டலில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். குரல் அப்படியே இருக்கிறது. என்னைவிட ஆறு வயது சின்னவள், அதனால் அக்கா. ஒன்பது வருடமாக நான் 'நீங்க'தான். கான்வென்டில் படித்த வாய்க்கு சுலபத்தில் 'நீ' வராது.

பிப்ரவரி 4, செவ்வாய்

மத்தியானம் தனியாகப் பேய்ப்படம் ஒன்று பாதி பார்த்தேன். செத்த பிறகும் கண்ணுக்கு மை எதற்கு? அணைத்துவிட்டேன்.

பிப்ரவரி 8, சனி

புதுப் படம். இரண்டே முக்கால் மணி நேரம், எழுபத்தொரு சாவு. எண்ணினேன். கதாநாயகன் சட்டையில் ஒரு பொட்டு ரத்தம் இல்லை. "அந்தச் சட்டைக்கு என்ன சோப்புப் போடறாங்கன்னு கேட்டுச் சொன்னா நல்லாயிருக்கும்" என்றாள் மாடிக்காரி. சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது.

டீயில் பாதி வைத்துவிட்டாள். இப்போதெல்லாம் அப்படித்தான். கேட்டால் வயிறு மந்தம் என்கிறாள்.

போகும்போது, "அடுத்த வாரம் நான் ஒரு படம் கொண்டு வர்றேன்க்கா. புதுசு. சின்னப் படம்தான்" என்றாள்.

"யார் நடிச்சது?"

"தெரிஞ்ச முகம் யாரும் கிடையாது."

தெரிந்த முகம் இல்லையென்றால் நல்லது. கதையையாவது கவனிக்கலாம்.

பிப்ரவரி 15, சனி

இரண்டரை மணிக்கே வந்துவிட்டாள். இஸ்திரி போட்ட புடவை. நான் சமையலறையில் பாலைக் காய்ச்சி வைத்துவிட்டு வருவதற்குள் பெயர்களெல்லாம் ஓடி முடிந்துவிட்டன. அது எப்போதும் நடப்பதுதான். படத்தில் யார் யார் வேலை செய்தார்கள் என்று தெரிந்து எனக்கு என்ன ஆகவேண்டும்?

ஒரு தையல்காரி. புருஷன் நாலு மாதமாக ஆஸ்பத்திரியில். ஒரு நாள் மத்தியானம் அவனுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, டிபன் கேரியரைக் கழுவ வெளியே வருகிறாள். குழாயடிக்குப் போகாமல் நேராகத் தெருவுக்கு இறங்கி, எதிரே இருக்கிற தியேட்டரில் டிக்கெட் வாங்கிப் படம் பார்க்க உட்கார்ந்துவிடுகிறாள். கழுவாத கேரியர் மடியில். திரும்பி வரும்போது அவன் உயிர் போயிருந்தது. மிச்சப் படம் முழுக்க, எங்கே போயிருந்தாள் என்று அவள் யாரிடமும் சொல்லாமல் இருப்பதுதான்.

முடிந்ததும் அவளைப் பார்த்தேன். விருந்தாளி முதலில். "இன்னைக்கு நீங்க முதல்ல சொல்லுங்கக்கா. உள்ளதை உள்ளபடி சொல்லுங்க" என்றாள். அழுதிருக்கவில்லை. அதனால் அவளுக்கும் பிடிக்கவில்லை என்று நினைத்தேன்.

சொன்னேன். ஆஸ்பத்திரிக் கடிகாரம் மூன்று காட்சியிலும் இரண்டு இருபது. நர்சின் பெயர்ப்பட்டை ஒரு காட்சியில் தலைகீழ். முக்கியமாக அந்தக் கேரியர். எந்தத் தியேட்டரில் கேரியரோடு உள்ளே விடுவார்கள்? வாசலிலேயே நிறுத்த மாட்டார்களா? முந்தின காட்சியில் கையில் இருந்ததைக் கீழே வைக்க மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். கேரியர் எப்படி உள்ளே வந்தது என்று டைரக்டருக்கே தெரியாது.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"அதெல்லாம் போகட்டும். புருஷன் சாகக் கிடக்கிறப்ப எந்தப் பொம்பளை சினிமாவுக்குப் போவா? நாப்பத்தோரு நாள் நான் எங்க வீட்டுக்காரர் கட்டில் பக்கத்து நாற்காலியை விட்டு நகரலை. இதை எழுதினவனைப் பெத்தவன்னு ஒருத்தி இருப்பாளே, அவகிட்ட கேட்டிருந்தாச் சொல்லியிருப்பாளே, இப்படி எந்தப் பொம்பளையும் செய்ய மாட்டான்னு!"

"கேட்டிருப்பான்" என்றாள்.

பிறகு எழுந்து தன் கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள். என் வீட்டில் விருந்தாளி கோப்பை கழுவுவது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 22, சனி

மூன்றேகால் வரை பார்த்துவிட்டுப் போன் செய்தேன். "தலைவலிக்கா." அத்தோடு வைத்துவிட்டாள். இந்த வாரம் பழைய படம். போடவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

என் கூரை அவளுக்குத் தரை. நடப்பது கேட்கிறது. சமையலறை, ஜன்னல், மறுபடி சமையலறை. தலைவலிக்காரியின் நடை இல்லை இது.

மார்ச் 1, சனி

இன்றும் வரவில்லை. போனும் இல்லை. நான் ஏன் போகவேண்டும்? தலைவலி அவளுக்கு. இருபத்திரண்டு படி, என் முழங்காலுக்கு அது மலை.

தனியாக ஒரு படம் பார்த்தேன். கப்பலில் ஒரு கல்யாணம். முடிந்த பிறகுதான் தெரிந்தது, ஒரு பிழையும் நான் குறித்துக்கொள்ளவில்லை. பிழை இல்லாத படமாக இருக்க முடியாது.

மார்ச் 2, ஞாயிறு

மகள் போன் செய்தாள். மாடிக்காரி இரண்டு வாரமாக வரவில்லை என்றேன். எடுத்த எடுப்பில், "அம்மா, நீங்க ஏதாவது சொன்னீங்களா?" என்கிறாள்.

நான் என்ன சொல்வேன்? படத்தைப் பற்றிச் சொன்னேன். படத்தைப் பற்றிச் சொல்வதும் தப்பா?

மார்ச் 5, புதன்

பத்திரிகையின் சினிமாப் பக்கத்தில் அந்தத் தையல்காரிப் படத்தை எழுதியவனின் பேட்டி. பெயர் எனக்குத் தெரியாத பெயர். ஆனால் போட்டோவில் இருப்பது மாடிக்காரியின் மகன். போன வருடம் என் டெலிவிஷனுக்குப் பின்னால் குனிந்து ஒயர் மாட்டிக் கொடுத்தவன். சினிமாவில் ஏதோ எழுதுகிறான் என்று அவள் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். 'ஏதோ' என்பதற்கு மேல் நான் கேட்டதில்லை. புனைபெயர் வைத்துக்கொண்டிருப்பதும் தெரியாது.

பேட்டியில் இருந்ததை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன். எனக்கு வேண்டும் இது.

'அந்தக் காட்சி என் அம்மாவுடையது. அப்பா இறந்த மத்தியானம் அம்மா ஒரு தியேட்டரில் இருந்தார். இருபத்தெட்டு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. போன வருடம் என்னிடம் சொன்னார். எழுதட்டுமா என்று கேட்டேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: என்ன வேண்டுமானாலும் மாற்றிக்கொள், அந்தக் கேரியரை மட்டும் மாற்றாதே.'

அம்மா படம் பார்த்தாரா என்ற கேள்விக்கு: 'தியேட்டருக்கு வர மாட்டேன், கீழ்வீட்டு அக்காவோடு உட்கார்ந்து பார்க்கிறேன் என்றார். அந்த அக்கா பிழை பார்ப்பதில் பெரிய ஆள். அவர் சரியென்று சொல்லிவிட்டால் போதுமாம்.'

நாலு தடவை படித்தேன். எழுத்துப் பிழை எதுவும் இல்லை.

மார்ச் 6, வியாழன்

என்ன சொன்னேன், என்ன சொன்னேன். பெத்தவன்னு ஒருத்தி இல்லையான்னு அவ மூஞ்சிக்கு நேரா — என் வீட்டு சோபால உட்கார வச்சு, டீயைக் கொடுத்து —

'கேட்டிருப்பான்' என்றாளே. அதையாவது கேட்டேனா? கேரியர் பிழை, கடிகாரம் பிழை.

முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தேன். முதல் நாள் போர்மேன் சொன்னார், "எழுத்தைப் பாரும்மா, கதையைப் பார்க்காதே. கதைக்குள்ள இறங்கினா பிழை தப்பிடும்." எத்தனையோ பெரிய புத்தகங்கள் என் கையால் போயின. ஒன்றின் கதையும் இன்று சொல்லத் தெரியாது. அந்த வேலையில் அது திறமை. என் மேசையிலிருந்து பிழையோடு ஒரு பக்கமும் போனதில்லை என்று ஓய்வுபெற்ற நாளில் சால்வை போட்டார்கள்.

அவளுக்குக் கடிதம் எழுதினேன். நாலு பிரதி. ஒவ்வொன்றையும் திருத்தினேன். நாலாவது, தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று ஏதோ அலுவலகம் எழுதுகிற மாதிரி வந்தது. கிழித்துப் போட்டேன்.

மார்ச் 8, சனி

ஏறினேன். பதினாலாவது படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டேன்.

கதவைத் திறந்தாள். இளைத்திருக்கிறாள். "வாங்கக்கா, உக்காருங்க." உட்கார்ந்தேன். ஒன்பது வருடத்தில் நான் அவள் வீட்டுக்குப் போனது மூன்று தடவை இருக்கும். எப்போதும் அவள்தான் இறங்குவாள்.

"அந்தப் படம்" என்று ஆரம்பித்தேன். "அப்புறம் யோசிச்சுப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தது. ரொம்ப நல்லா—"

"வேண்டாம்க்கா."

"இல்ல, நிஜமாவே—"

"உங்களுக்குப் பொய் வராதுக்கா. முகம் கோணுது."

பேட்டியைப் படித்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவள் கோபப்படவில்லை. "நீங்க சொன்னது ஒண்ணும் புதுசில்ல. எந்தப் பொம்பளையும் செய்ய மாட்டா. நானும் இத்தனை வருஷமா எனக்கு அதையேதான் சொல்லிட்டிருக்கேன். இன்னொரு வாயிலேர்ந்து கேட்டதும் கொஞ்சம் உறைச்சிருச்சு, அவ்வளவுதான்" என்றாள்.

"அப்ப அடுத்த சனிக்கிழமை?"

தரையைப் பார்த்தாள். "உங்க பக்கத்துல உக்காந்தா, நீங்க அந்த நாற்காலியில உக்காந்த மாதிரியே எனக்குத் தெரியுதுக்கா. என்னால முடியலை."

இறங்கி வந்துவிட்டேன். இறங்குவதுதான் முழங்காலுக்குக் கஷ்டம் என்பார்கள். இன்று வலி தெரியவில்லை.

மார்ச் 12, புதன்

அந்த நாற்காலி. அதைப் பற்றி இதில் நான் எழுதியதே இல்லை. எழுதுகிறேன்.

நாற்பத்தொரு நாள். உறவுக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள், இப்படி ஒருத்தியைப் பார்த்ததில்லை என்று. நானும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். குளிக்கப் போவேன், வந்துவிடுவேன். மருந்துச் சீட்டில் டாக்டர் தேதியைத் தப்பாகப் போட்டிருந்ததைக்கூட நான்தான் கண்டுபிடித்தேன். தலையணை உறை சுருங்கக்கூடாது. தண்ணீர் டம்ளர் வலது பக்கம்.

முப்பத்தெட்டாம் நாள் அவர், "நீ கொஞ்சம் வெளிய போயிட்டு வாயேன்" என்றார்.

"எனக்கு வெளியே என்ன வேலை?" என்றேன்.

"எனக்குக் கொஞ்சம் தனியா இருக்கணும்."

போகவில்லை. மறுநாள் மறுபடி கேட்டார். நர்சிடம், "அவர் பிதற்றுகிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பிறகு கேட்கவில்லை.

எதற்காகத் தனியாக இருக்க விரும்பினார்? அழுவதற்காக இருக்கலாம். நாற்பத்தாறு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. என் முன்னால் அழுதிருந்தால் அழாதீங்க என்று சொல்லியிருப்பேன். கண்ணைத் துடைத்துவிட்டிருப்பேன். அதற்குப் பயந்தாரோ என்னவோ.

கொஞ்ச நேரம். அவ்வளவுதான் கேட்டார் மனுஷர்.

மார்ச் 15, சனி

மூன்று மணிக்கு நானே ஏறினேன். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உட்கார்ந்ததும் முப்பத்தெட்டாம் நாளைச் சொன்னேன். ஒரே மூச்சில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. மகளுக்குக்கூடத் தெரியாதது.

அவள் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு, "போயிருக்கலாமேக்கா" என்றாள்.

"போயிருக்கலாம்."

"நான் போயிருக்கக் கூடாது."

"அது எனக்குத் தெரியலை. நெசமாவே தெரியலை" என்றேன். முகம் கோணவில்லை என்று நினைக்கிறேன்.

அப்போதுதான் அவள் சொன்னாள். கேரியரை எடுத்துக்கொண்டு குழாயடிக்குத்தான் போனாளாம். அங்கே நாலு பேர் நின்றார்கள். வரிசையில் நிற்க முடியவில்லை. நாலு மாதமாக எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்றிருக்கிறாள். கால் தானாக வெளியே நடந்தது.

என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "வாசல்ல நிறுத்தலையா?"

"நிறுத்தினான்க்கா. உள்ள சாப்பாடு கொண்டு போகக் கூடாதுன்னான். ஒவ்வொரு அடுக்கா திறந்து காட்டினேன். காலி. சரி போம்மான்னு விட்டுட்டான்."

"அதைப் படத்துல வச்சிருக்கணும்!"

"வச்சிருந்தான். நீளம் அதிகம்னு வெட்டிட்டாங்களாம்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"என்ன படம்னு கூட நினைவில்ல. ஒரே வேடிக்கை. சுத்தி எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்க்கா. படத்துக்குப் போனதைக் கூட மன்னிச்சிருவேன். நான் சிரிச்சேன். வாய்விட்டு. அந்த நேரத்துலதான் அவர்..."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீ சிரிச்சது அவருக்குக் கேட்டிருக்காது" என்றேன். முட்டாள்தனமான ஆறுதல். ஆனால் அவள் கையை எடுத்துக்கொள்ளவில்லை.

மகனிடம் நான் சொன்னது எதையும் அவள் சொல்லவில்லையாம். "அக்காவுக்குப் பிடிச்சுதுன்னு சொல்லிட்டேன். எனக்குப் பொய் நல்லா வரும்."

மார்ச் 22, சனி

இனி படம் மேலே. அவளுக்கு இறங்கி ஏற முடியவில்லை. எனக்கும் முடியவில்லைதான். ஆனால் என் முழங்கால் வெறும் முழங்கால். அவளுக்கு வயிற்றில் கட்டியாம். ஜனவரியிலேயே தெரியுமாம். அதனால்தான் மகனுடைய படத்தை அவ்வளவு அவசரமாகக் கொண்டு வந்திருக்கிறாள்.

இன்று பழைய படம். இரட்டையர் கதை. முடிந்ததும் நான் வாயைத் திறக்கவில்லை. அவளே கேட்டாள், "என்னக்கா, பிழை ஒண்ணும் இல்லையா?"

"கவனிக்கலை."

"சும்மா சொல்லுங்க. நீங்க பிழை சொல்லலைன்னா படம் பார்த்த மாதிரியே இல்ல."

சொன்னேன். ஏழு. அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஏப்ரல் 5, சனி

பழைய படம். அரைமணி நேரத்தில் தூங்கிவிட்டாள். அவள் எழுந்திருக்கும் வரை சத்தத்தைக் குறைத்து ஓடவிட்டேன். ஊமைப்படமாக நன்றாகவே இருந்தது.

ஏப்ரல் 19, சனி

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். மகன் வந்து சொன்னான். "வயித்தைத் திறந்து பார்த்துட்டு அப்படியே மூடிட்டாங்க, பெரியம்மா." படிக்கட்டில் நின்றபடியே சொன்னான். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். வந்தான். எந்த இடத்தில் அவள் உட்காருவாள் என்று கேட்டான். காட்டினேன். அங்கேயே உட்கார்ந்தான்.

போகும்போது, "படம் உங்களுக்குப் பிடிச்சுதுன்னு அம்மா சொன்னாங்க. எனக்கு அது போதும்" என்றான்.

"அந்தக் கேரியர்" என்றேன். "அது மட்டும் மாறாமல் இருந்தது ரொம்பச் சரி."

இது பொய் இல்லை.

மே 3, சனி

மத்தியானம் இரண்டு முதல் ஆறு வரை நான். அப்போதுதான் அவள் மகன் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுத் தூங்கி வர முடிகிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி. எல்லா ஆஸ்பத்திரியிலும் ஒரே நாற்காலிதான் போடுகிறார்கள்.

தலையணை உறை சுருங்கியிருந்தது. கை போயிற்று. பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

மே 10, சனி

ஒரு வாரமாகக் கஞ்சித் தண்ணீர்தான். குரல் மட்டும் கெடவில்லை. இன்று நர்ஸ் என்னமோ கேட்டதற்கு, "லைனில் இருங்க, கனெக்ட் பண்றேன்" என்றாள். மருந்து மயக்கம்.

மே 17, சனி

இன்று தெளிவாக இருந்தாள். மூன்று மணி இருக்கும். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, எதிர்ல தியேட்டர் இருக்காமே" என்றாள்.

"இருக்கு."

"போய் ஒரு படம் பார்த்துட்டு வாங்களேன்."

"எனக்கு அங்கே என்ன—" என்று வாய் எடுத்துவிட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தனியாக இருக்கவேண்டுமா, எனக்காகச் சொல்கிறாளா, தெரியவில்லை. கேட்கவில்லை. அதைக் கேட்கக் கூடாது என்று மட்டும் தெரிந்தது.

"வந்து கதை சொல்லணும்" என்றாள்.

எழுந்தேன். நாற்காலி தரையில் உராய்ந்து பெரிய சத்தம். நர்சிடம் சொல்லிவிட்டுப் போனேன். படிகள், வெயில், தெருவைக் கடக்க ஐந்து நிமிடம். எது ஓடுகிறது என்று பார்க்காமல் டிக்கெட் வாங்கினேன். என்னோடு பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். வேடிக்கைப் படம். ஒருவன் தன் பழைய வீட்டை விற்றுவிடுகிறான். உள்ளே இருக்கிற அத்தை வெளியே வரமாட்டேன் என்கிறாள். வாங்கியவன் அத்தையோடு சேர்த்து வீட்டில் குடியேறுகிறான். அவன் பல் துலக்க வந்தால் அத்தை அவனுக்கு முன்னால் வரிசையில் நிற்கிறாள். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு இடத்தில், நினைத்துச் சிரிக்கவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. உடனே வாயைப் பொத்திக்கொண்டேன். பிறகு கையை எடுத்துவிட்டேன்.

இடைவேளையில் எழுந்து வந்துவிட்டேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

அவள் இருந்தாள். கண் சிவந்திருந்தது. கன்னத்தில் ஈரம். தலையணை நனைந்திருந்தது. நான் துடைக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கதையை ஆரம்பித்தேன். வீட்டை விற்றது, அத்தை, பல் துலக்கும் வரிசை. அந்த இடத்தில் அவள் உதடு கொஞ்சம் விரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இடைவேளை வரை வந்துவிட்டேன்.

"அப்புறம்?"

அப்புறம் எனக்குத் தெரியாது. அத்தைக்கு ஒரு கடிதம் வருகிறது என்றேன். அந்தக் காலத்தில் அவளை விட்டுப் போன ஒருவன் எழுதியது. வீட்டை வாங்கியவனும் அவளும் ரயில் ஏறி அவனைத் தேடிப் போகிறார்கள். ரயிலில் பெட்டி தொலைந்துவிடுகிறது. இறங்கின ஊரில் மழை. அந்த ஆள் அதே ரயிலில், அடுத்த பெட்டியில்தான் வந்திருக்கிறான்.

"நம்பற மாதிரி இல்லையேக்கா."

"படம் அப்படி."

"சரி. அப்புறம்?"

அவர்களைச் சேர்த்துவைத்தேன். தொலைந்த பெட்டியைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். வீட்டை விற்றவனையும் கூட்டிக்கொண்டு வந்து அதே வீட்டில் குடிவைத்தேன். இதற்கு மேல் ஒரு கதையில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஜன்னலில் வெயில் இறங்கிவிட்டது. மகன் வருகிற நேரம். அவள் கை என் கைக்குள் இருந்தது. விரல் ஒருமுறை அசைந்தது.

"அப்புறம்?" என்றாள்.

மேற்கொண்டு சொன்னேன்.